பல்லில் கம்பி இருக்கும்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக விடாத தலையிடி. நித்திரை போதவில்லை என்றார் வாப்பா. போன் பார்ப்பதைக் குறைத்தால் சரிவரும் என்றார் உம்மா. கண்ணாடியும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு நாள் காலையில் எழும்பியதும் சத்தி எடுத்துவிட்டு, "உம்மா, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் வீட்டார் பயந்துபோய் நரம்பியல் நிபுணரிடம் ஓடினார்கள். அவர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், தாமதிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வாப்பா ஸ்கேன் நிலையத்துக்கு போன் எடுத்தார். இரண்டு நாளில் திகதி தந்தார்கள். எல்லாம் பேசி முடிந்து வைக்கப்போகும்போது, "உடம்பில் இரும்பு, உலோகம் ஏதும் இருக்கா?" என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள்.

"பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கு மிஸ்."

"அப்படியென்றால் எடுக்க ஏலாது. எல்லாத்தையும் கழற்றிப் போட்டு வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஒன்றரை வருடமாகக் கட்டியிருந்த கம்பி அது. அதற்காக மாதம் மாதம் எடுத்து வைத்த காசு, பஸ்ஸில் போய் வந்த அலைச்சல், பிள்ளை பட்ட வேதனை எல்லாம் உம்மாவின் கண்முன் வந்தன. கம்பி கட்டிய டொக்டரின் அடுத்த கிளினிக் இரண்டு கிழமைக்குப் பிறகுதான். ஸ்கேன் திகதியைத் தள்ளிப்போட்டார்கள். பார்க்க வந்த சாச்சிமாரில் ஒருவர், "அந்த மெஷினுக்குள் போனால் பல்லையும் சேர்த்துப் பிடுங்கி எடுத்துவிடுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

வாசக நெஞ்சங்களே, இன்று நமது ஊர்களில் பல்லுக்குக் கம்பி கட்டாத பிள்ளைகளைக் காண்பது அரிதாகி வருகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் முன்னைப்போல் எங்கோ ஓரிடத்தில் மட்டும் இருப்பதல்ல. இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே நேரத்தில் தேவைப்படுவது இனி அபூர்வமாக இருக்கப்போவதில்லை. ஆகவே இந்த விடயத்தைச் சற்று விரிவாகவே தெரிந்து வைத்துக்கொள்வோம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். பற்களில் ஒட்டப்பட்ட வழமையான பிரேசஸ், உறுதியாக ஒட்டியிருக்கும்வரை, எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குத் தடையான பொருள் அல்ல. அது கெடுப்பது பிள்ளையை அல்ல, படத்தை. அதிலும் எல்லாப் படத்தையும் அல்ல. உடம்பின் எந்தப் பகுதியைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. தொலைபேசியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அங்கே நடந்த பிழை.

அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது?

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. இருப்பது ஒரு மாபெரும் காந்தமும் வானொலி அலைகளும். நமது உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் நிறைய உண்டு. அவற்றிலுள்ள ஐதரசன் அணுக்களின் கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம் போலவே நடந்துகொள்ளும். பெரிய காந்தத்துக்குள் நாம் படுத்ததும் அவற்றில் ஒரு பகுதி ஒரே திசையில் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையொன்றை அனுப்பி அவற்றைச் சற்றே தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவை மெல்லிய ஒலிபரப்பு ஒன்றைச் செய்கின்றன. அதைப் பிடித்துக் கணினி படமாக்குகிறது. இப்படிப் படம் எடுக்கலாம் என்று 1973இல் எழுதிக் காட்டியவர் அமெரிக்கரான போல் லோட்டர்பர். அதைக் கணிதத்தால் விரைவாக்கியவர் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் காணப்படும் இயந்திரம் 1.5 டெஸ்லா வலுவுடையது. 3 டெஸ்லா இயந்திரங்களும் உண்டு. டெஸ்லா என்றால் என்னவென்று குழம்ப வேண்டாம். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தம் இருக்கிறதல்லவா? அதைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவானது 1.5 டெஸ்லா. மூன்று டெஸ்லா அதன் இரட்டிப்பு.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காந்தத்துக்குச் சுவிட்ச் போட்டு அணைக்கும் பழக்கம் இல்லை. உள்ளே கம்பிச்சுருள்கள் திரவ ஹீலியத்தில், சைபருக்குக் கீழே 269 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கின்றன. அந்தக் குளிரில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரெல்லாம் கரண்ட் போய் இருட்டாக இருந்தாலும், அறையில் ஆள் இல்லாவிட்டாலும், நள்ளிரவானாலும் காந்தம் காந்தம்தான்.

அதனால்தான் விபத்துகள் நடந்திருக்கின்றன. 2001 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு வயதுப் பாலகன் ஸ்கேனுக்குள் இருந்தபோது, அறைக்குள் கொண்டுவரப்பட்ட இரும்பு ஒட்சிசன் சிலிண்டர் பறந்து வந்து தலையில் மோதி அவன் உயிரிழந்தான். 2018 ஜனவரியில் மும்பாயில் உறவினர் ஒருவருக்காகச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன ஒருவர் அதனோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தார். 2025 ஜூலையில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், ஒன்பது கிலோ அளவு பாரமான சங்கிலியைக் கழுத்தில் அணிந்தவாறு அறைக்குள் நுழைந்தவர் இழுக்கப்பட்டு மறுநாள் மரணமானார். சாச்சியின் பயம் வெறும் பயமல்ல. இப்படியான செய்திகளிலிருந்து வந்தது. ஆனால் இவற்றில் ஒன்றிலும் பல்லுக் கம்பி சம்பந்தப்படவில்லை. எல்லாம் கையில் அல்லது கழுத்தில் கொண்டுபோகப்பட்ட, எதிலும் பொருத்தப்படாத பாரமான இரும்புகள்.

பல்லில் இருப்பது என்ன உலோகம்?

பிரேசஸ் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல சாமான்களின் சேர்க்கை. பல்லின் முகத்தில் பசையால் ஒட்டிய சிறு பொத்தான்கள், அவைதாம் பிராக்கெட். அவற்றினூடாக வளைந்து ஓடும் கம்பி. கடைவாய்ப் பல்லைச் சுற்றிய வளையம் அல்லது அதில் ஒட்டிய குழாய். கம்பியைப் பிடித்துவைக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள் அல்லது முறுக்கிய கம்பி இழைகள்.

பிராக்கெட்டுகளில் அதிகமானவை துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவை, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இந்த உருக்கில் பல சாதி உண்டு. குசினிச் சட்டியொன்றில் காந்தம் ஒட்டுவதையும் இன்னொன்றில் ஒட்டாததையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நிக்கல் போதியளவு சேர்ந்த சாதி காந்தத்துக்கு ஏறக்குறைய மசியாது. ஆனால் அதே உருக்கை இழுத்து இழுத்துக் கம்பியாக்கும்போது அதன் உள்ளமைப்பில் ஒரு பகுதி மாறி, காந்தத்துக்கு மசியத் தொடங்கிவிடும். ஆகவே உருக்குக் கம்பி உருக்குப் பிராக்கெட்டைவிட அதிகமாக இழுபடக் கூடியது.

சிகிச்சையின் தொடக்க மாதங்களில் போடும் கம்பி பெரும்பாலும் வேறு. அது நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழ சம அளவில் சேர்ந்த கலப்புலோகம். வளைத்தாலும் தன் வடிவத்துக்கே திரும்பும் இந்த உலோகம் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடம் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பல் வைத்தியத்துக்கு வந்தது 1970களின் தொடக்கத்தில். நிக்கல் தனியே காந்தத்தில் ஒட்டும் உலோகம்தான். ஆனாலும் டைட்டேனியத்துடன் இப்படிச் சேர்ந்த பிறகு ஒட்டுவதில்லை. இறைவன் படைப்பில் எத்தனை விந்தைகள்!

பல் நிறத்திலேயே வெண்மையாக இருக்கும் செராமிக் பிராக்கெட்டும் உண்டு. அது உலோகமே அல்ல. ஆனால் சிலவற்றில் கம்பி ஓடும் பள்ளத்துக்கு மட்டும் உருக்குத் தகடு பதித்திருப்பார்கள். வெள்ளையாகத் தெரிகிறது, இரும்பே இல்லை என்று நாமாக முடிவெடுத்துவிடக் கூடாது. டைட்டேனியத்தில் செய்த பிராக்கெட்டுகளும் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் வாயில் இருப்பது எது என்று கம்பி கட்டிய டொக்டருக்குத்தான் தெரியும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய காந்தத்தை எடுத்துப் பல்லருகே பிடித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். இழுக்கவில்லை என்றால் உலோகம் சரி என்று அர்த்தமில்லை. கை உணராத அளவு காந்தத்தன்மையே படத்தைக் கெடுக்கப் போதும்.

பிடுங்கி எடுக்குமா? சுடுமா?

உருக்குக் கம்பிகளைக் காந்தத்தின் அருகே வைத்து ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தன் எடையைப்போல் பல மடங்கு விசையில் அவை இழுபடுவது உண்மை. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கம்பியின் எடை என்ன? அரைக் கிராமும் வராது. ஐம்பது மடங்கு இழுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அது 25 கிராம் பாரத்துக்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி சீனியின் பாரம்தான் அது.

மறுபக்கத்தில் பிராக்கெட்டைப் பல்லோடு பிடித்திருக்கும் பசையின் வலுவைப் பாருங்கள். அன்றாடம் சாப்பிடுவதைத் தாங்க அது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஆறு முதல் எட்டு நியூட்டன் வரை தாங்க வேண்டும் என்பது பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவுகோல். பத்துச் சதுர மில்லிமீற்றர் அடித்தளமுள்ள ஒரு பிராக்கெட்டுக்கு அது ஆறு, எட்டுக் கிலோ பாரத்துக்குச் சமன். முறுக்கும் கொறிக்கிற வாயைவிட அந்தக் காந்தம் பசையைச் சோதித்துவிடாது. பல்லைப் பிடுங்குவது என்பது கேள்விக்கே இடமில்லாத கதை.

இது உறுதியாக ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு. கழன்று கம்பியில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்று இருந்தால் கதை வேறு. அது அறைக்குள் அசையலாம், கழன்று தொண்டைக்குள் போகலாம். ஆகவே ஸ்கேனுக்கு முன் ஒவ்வொன்றையும் ஒருவர் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஆடுவதை ஒட்டவோ எடுக்கவோ வேண்டும்.

அடுத்தது சூடு. வானொலி அலைகள் உலோகத்தில் சிறிது வெப்பத்தை உண்டாக்கும். பிரேசஸை வைத்துச் செய்த சோதனைகளில் சூடு சில பாகைகளுக்கு மேல் ஏறியதாகக் காணப்படவில்லை. நாம் குடிக்கும் பிளேன்டீ பல்லைச் சுடவைப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். என்றாலும் பிள்ளையின் கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுப்பார்கள், அமத்தினால் வெளியே மணியடிக்கும். வாய்க்குள் சூடாகவோ இழுப்பதாகவோ தோன்றினால் வெட்கப்படாமல் உடனே அமத்தும்படி சொல்லி அனுப்புங்கள். நமது பெண்பிள்ளைகள் டொக்டருக்கு முன்னால் எதையும் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதையே நல்ல குணமாக நினைத்து வளர்கிறார்கள். அந்த அறைக்குள் அந்தக் குணம் வேண்டாம்.

உண்மையான சிக்கல் படத்தில்தான்

இயந்திரம் எப்படி இடம் அறிகிறது தெரியுமா? காந்தத்தின் வலு உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் இன்ன அளவுதான் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. வலுவுக்கேற்ப அணுக்களின் ஒலிபரப்பு மாறுவதால், சத்தத்தைக் கேட்டே அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறது. வீதியில் வீட்டு இலக்கங்களைப் பார்த்துத் தபால்காரர் கடிதம் போடுவது போல. வாயிலுள்ள உருக்கு அந்த இலக்கங்களைக் குழப்பிவிடுகிறது. கடிதங்கள் தவறான வீட்டுக்குப் போகின்றன, சில எங்குமே போய்ச் சேருவதில்லை. விளைவு, படத்தில் வாய் இருக்கும் இடத்தில் ஒரு கரிய ஓட்டை, அதன் ஓரத்தில் பளிச்சென்ற வெள்ளைக் கரை, சுற்றியுள்ள உறுப்புகள் கண்ணாடி மாளிகையில் பார்த்தது போல வளைந்து நெளிந்து தெரியும். இந்தக் குழப்பம் பல்லோடு நிற்பதில்லை. சில சென்ரிமீற்றர் தூரத்துக்குப் பரவும்.

ஆகவே முழங்கால், இடுப்பு, நாரி முள்ளந்தண்டு, வயிறு என்று வாய்க்குத் தொலைவான இடங்களுக்கு ஸ்கேன் என்றால் பிரேசஸைப் பற்றிய பேச்சே அநேகமாக எழாது. உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே எடுக்கலாம். கழுத்து முள்ளந்தண்டுக்கும் பெரும்பாலும் படம் வாசிக்கக்கூடியதாகவே வரும்.

நாக்கு, தாடை, தாடை மூட்டு, முகம், மேல்தாடைக்குள் இருக்கும் குழிகள், இவற்றுக்கென்றால் உருக்குப் பிரேசஸ் பெரும் இடைஞ்சல். அந்த இடத்தைத்தான் கரிய ஓட்டை விழுங்கிவிடும். அங்கே சந்தேகப்படுவது கட்டி போன்ற ஒன்றென்றால் பிராக்கெட்டுகளையே கழற்ற வேண்டி வரலாம். அப்போது தயங்கக் கூடாது. பல்லைப் பிறகு நேராக்கிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது மூளை, கண். நமது ஒழுங்கைப் பிள்ளையின் விடயம் இங்கேதான் வருகிறது. மூளையின் மேற்பகுதி, பின்பகுதி எல்லாம் பொதுவாகத் தெளிவாகக் கிடைக்கும். நெற்றிக்குப் பின்னால் கீழ்ப்புறம், கண்குழி, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி இருக்கும் இடம் ஆகியவை வாய்க்கு நெருக்கமானவை. அவற்றை நிழல் தொட்டுவிடலாம். எந்த வகைப் படம் என்பதும் முக்கியம். ஒரே ஸ்கேனில் பல வகைப் படங்கள் எடுக்கிறார்கள். ஸ்பின் எக்கோ என்ற வகை உலோகத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். கிரேடியன்ற் எக்கோ என்பது பொறுக்காது. பக்கவாதத்தைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் டிஃபியூஷன் என்ற வகையும் அப்படித்தான் எளிதில் கெட்டுவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இதைக் குறைக்கும் வழிகள் கதிரியல் பிரிவினரின் கையில் உண்டு. படமெடுக்கும் அமைப்புகளை மாற்றலாம். உலோக நிழலைக் குறைப்பதற்கென்றே செய்த முறைகள் புதிய இயந்திரங்களில் இருக்கின்றன. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால்தானே செய்வார்கள்! இன்னொரு விடயம், பெரிய காந்தமென்றால் நல்ல படம் என்று கேள்விப்பட்டு, கூடுதல் காசு கொடுத்தாவது 3 டெஸ்லாவுக்குப் போக நினைப்பவர்கள் உண்டு. உலோகம் வாயில் இருக்கும்போது கணக்குத் தலைகீழ். காந்தம் கூடக்கூட நிழலும் கூடும். 1.5 டெஸ்லாவே இவர்களுக்கு உகந்ததாக இருக்கலாம். டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியை மட்டும் எடுத்துவிட்டுப் பிராக்கெட்டுகளை விட்டுவிடுவது இடைநடுவான வழி. உருக்குக் கம்பி போனால் நிழலில் ஒரு பகுதி குறையும், இழுப்பும் குறையும். கம்பியைக் கழற்றச் சில நிமிடம் போதும். ஸ்கேன் முடிந்ததும் அதையோ புதியதையோ போட்டுக்கொள்ளலாம். சிகிச்சை கெட்டுப்போகாது. பிராக்கெட்டுகளையும் கழற்றுவதென்றால் அப்படியல்ல. ஒவ்வொன்றாக எடுத்து, பசையைச் சுரண்டி, பிறகு புதிதாக ஒட்ட வேண்டும். காசும் காலமும் போகும். படத்துக்கு அவசியமென்றால் செய்யத்தான் வேண்டும். யாரோ கவுண்டரில் சொன்னதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஸ்கேன் எழுதித் தரும் டொக்டரிடமே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "பிள்ளைக்குக் கம்பி கட்டியிருக்கிறது டொக்டர், இந்தப் படத்துக்கு அது இடைஞ்சலா?" அவர் துண்டில் அதைக் குறித்துவிடுவார். பிறகு கம்பி கட்டிய டொக்டரிடம் ஒரு சிறு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிராக்கெட் எந்த உலோகம், கம்பி எந்த உலோகம், எல்லாம் உறுதியாக இருக்கிறதா என்ற மூன்று விடயம் அதில் இருந்தால் போதும். ஸ்கேன் நிலையத்துக்குப் பேசும்போது, தொலைபேசி எடுப்பவர் முடியாது என்றால் கோபப்பட வேண்டாம். "கதிரியல் டொக்டரிடம் ஒரு தடவை கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

தொலைபேசியில் இருப்பவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. உடம்பில் பொருத்தும் சாதனங்களுக்கு 2005 முதல் மூன்று அடையாளங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பச்சைச் சதுரம் என்றால் எம்.ஆர்.ஐ.க்குப் பாதுகாப்பானது. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனைகளோடு எடுக்கலாம். சிவப்பு வட்டம் என்றால் கூடாது. இருதயத்துக்குக் கருவி வைத்தவரின் கையில் அட்டை இருக்கும், அதில் விபரம் இருக்கும். பல்லுக் கம்பி கட்டியவரிடம் என்ன அட்டை இருக்கிறது? எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது வேண்டாம் என்று சொல்வதுதான் ஊழியருக்கு இலகு. அந்தக் குறையை நிரப்புவதற்குத்தான் கடிதம்.

அவசரம் என்றால் இந்த ஒழுங்கெல்லாம் இல்லை. பக்கவாதம், முள்ளந்தண்டு நசுங்கியது போன்ற சந்தேகத்தில் ஒரு மணித்தியாலமும் பெறுமதியானது. கம்பி கழற்றப் பல் வைத்தியரைத் தேடி அலையக் கூடாது. இருப்பதை இருந்தபடி சொல்லுங்கள். என்ன செய்வதென்று அவர்கள் முடிவெடுப்பார்கள். சீ.டி. ஸ்கேனுக்கு அனுப்பவும் கூடும்.

வாயிலுள்ள மற்றச் சாமான்களையும் மறக்க வேண்டாம். கழற்றக்கூடியது எதுவோ அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கட்டுப்பல், இரவில் போடும் பிளேட், பிளாஸ்டிக் அலைனர் எல்லாம் வெளியே. கம்பி கழற்றிய பிறகு பல்லின் உட்பக்கத்தில் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு, பல் திரும்பவும் கோணாமல் இருக்க. வருடக்கணக்கில் இருப்பதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். கம்பியா, அது எப்போதோ கழற்றியாயிற்று என்பார்கள். அதையும் சொல்ல வேண்டும். வெள்ளி நிறப் பல் அடைப்புக்குக் கவலைப்பட வேண்டியதில்லை, அது காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் பொய்ப்பல் கட்டியவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு விசேடமாக ஒன்று. ஸ்காஃபுக்குக் குத்தும் சிறு ஊசிகள்! உள்ளே ஒன்று, தோளில் ஒன்று, காதோரம் ஒன்று என்று எத்தனை குத்தினோம் என்பது நமக்கே நினைவிருக்காது. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைவிட அந்த ஊசி நூறு மடங்கு ஆபத்தானது. அதைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை, காந்தத்தை நோக்கிப் பறக்கும். ஊசி இல்லாமல் சுற்றிக்கொள்ளக்கூடிய, கல், ஜரிகை, உலோக நூல் எதுவும் இல்லாத பருத்தித் துணியொன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஊழியரிடம் காட்டி, அதை உடுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். தலைக் கிளிப், கொண்டையூசி, மணிக்கூடு, காப்பு, தோடு, உலோகக் கூட்டுக்குள் இருக்கும் தாயத்து எல்லாம் வெளியே. சுர்மா, கண் மை ஆகியவற்றையும் கழுவிவிட்டுப் போவது நல்லது. சில கண் அலங்காரப் பொருட்களில் இரும்புச் சேர்மானம் உண்டு. பிள்ளைக்குத் துணையாக நீங்களும் உள்ளே போவதென்றால் இதே ஒழுங்கு உங்களுக்கும்தான்.

எதற்கு உண்மையாகவே பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். இருதயத் துடிப்புக் கருவி (புதியவற்றில் சில நிபந்தனையோடு அனுமதிக்கப்படுகின்றன), மூளையின் இரத்தக் குழாயில் போட்ட பழைய கிளிப், செவிப்புலன் கருவியாகத் தலைக்குள் வைத்த கொக்லியர் சாதனம், இன்சுலின் பம்ப். ஒட்டுத் தொழில், இரும்பு கிரைண்ட் பண்ணும் தொழில் செய்தவர்களின் கண்ணுக்குள் தங்கிய இரும்புத் துகள். நமது நாட்டில் இன்னொன்று உண்டு. 2009இல் முடிந்த யுத்தத்தின் குண்டுச் சிதறல்களை உடம்பில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் எத்தனையோ பேர். பல வருடமாக வலிக்கவில்லை என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்த இடத்தில் காயம் பட்டது என்று சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி, அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். பதினாறாம் நாள் கிளினிக்குக்குப் போனபோது, எல்லாவற்றையும் கழற்றித் தாருங்கள் என்று வாப்பா கேட்டிருக்கிறார். அந்த டொக்டர் திகைத்துப்போய், "தலையிடிக்கு ஸ்கேன் எழுதி இவ்வளவு நாளா? எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றாராம். உடனே கதிரியல் டொக்டரோடு பேசினார். பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். கீழ்வரிசையில் ஒன்று தளர்ந்திருந்தது, அதை எடுத்துவிட்டார். மேலும் கீழும் இரண்டு கம்பிகளையும் கழற்றிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். எல்லாமாக இருபது நிமிடம்.

மறுநாள் ஸ்கேன். படத்தில் வாயும் மூக்கின் கீழ்ப்பக்கமும் கரிய புகையாகத்தான் இருந்தன. பார்க்க வேண்டிய மூளை பார்க்கும்படி இருந்தது. கட்டி ஒன்றும் இல்லை. அது உறுதியான பிறகுதான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அமுக்கத்தை அளந்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கம் கூடியிருந்தது. கவனிக்காமல் விட்டால் கண் நரம்பை நசித்துப் பார்வையையே கொண்டுபோகக்கூடிய நோய் அது. அந்தப் பதினாறு நாளில் பார்வையின் ஓரத்தில் சிறிது மங்கல் விழுந்திருந்தது. மருந்து தொடங்கிச் சில மாதத்தில் அது பெரும்பாலும் தெளிந்துவிட்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்குக்குப் போய் வருகிறாள். கம்பியைத் திரும்பவும் போட்டாயிற்று. இன்னும் எட்டு மாதத்தில் கழற்றிவிடுவார்களாம்.